தள்ளி உட்கார்ந்த ராஜபுஷ்பம்

எங்கள் காலனியில் இரும்பு நிற்காது. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே, யாரும் வேண்டாமென்று விட்டுவைத்த இடத்தைத் தேடிப்பிடித்து ஹவுசிங் போர்டுக்காரர்கள் கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. நாங்கள் குடிவந்த புதிதில் காற்று ஜன்னல் கம்பிகளைத் தின்றது, அடுத்து மாடிப்படிக் கைப்பிடியைத் தின்றது, அதற்குப் பிறகு சைக்கிள்களையும் தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் பிள்ளைகளின் ஊஞ்சல் சங்கிலியையும் தின்று, கடைசியில் காலனியின் பெரிய கேட்டையே தின்று முடித்தது. ஒருநாள் காலையில் கேட் இருந்த இடத்தில் சிவப்புப் பொடி குவிந்து கிடந்தது, துப்புரவுக்காரர் அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார். அதற்குமேல் யாரும் இரும்பு வாங்கவில்லை. தாழ்ப்பாள் பித்தளையில், ஜன்னலுக்கு மரச்சட்டம், துணி காயப்போட நைலான் கயிறு என்று பழகிக்கொண்டோம்.

இரும்பு இல்லாத இடத்துக்குச் செத்தவர்கள் வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் அரிவாள் வைப்பதும், கறிக்குழம்பு கொண்டுபோகிறவர் பையில் ஒரு ஆணியைப் போட்டுக்கொள்வதும் வேறு எதற்காக? எங்களிடம் வைக்க அரிவாளும் இல்லை, போட ஆணியும் இல்லை. எவர்சில்வரை அவர்கள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. ஆகவே விளக்கு வைக்கிற நேரத்தில் அவர்கள் உப்பளத்து வரப்பு வழியாக வரிசையாக வந்து, அவரவர் வீட்டுக்குள் நுழைந்து, கடைசி டவுன் பஸ் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். சாப்பிட மாட்டார்கள், பேச மாட்டார்கள், நாம் பேசினால் கேட்பார்கள். உயிரோடிருக்கிற ஒருவருக்கும் அடுத்தவர் புலம்பலைக் கேட்கப் பொறுமை இல்லாத இந்தக் காலத்தில் அது சின்ன உபகாரமா என்ன? ஒரு பாய் விரிக்க வேண்டும், ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி தொந்தரவில்லாத விருந்தாளிகள்.

பி பிளாக் பேச்சித்தாயின் மகள் நிவேதா ஆறு வயதில் டெங்குவில் போனவள், தினமும் வந்து அம்மாவின் மடிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். பேச்சித்தாய் அன்றைக்கு உப்பளத்தில் யார் யார் வாய்ச்சண்டை போட்டார்கள் என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே அவளுக்குத் தலைவாரி இரட்டைச் சடை பின்னி விடுவாள், மறுநாள் பார்த்தால் சடை கலைந்திருக்கும், மறுபடியும் பின்னுவாள். இடியாப்பம் விற்கும் ஃபெலிசிட்டா அக்காவின் வீட்டுக்கு மட்டும்தான் வேண்டாத விருந்தாளி வந்தது. அவள் புருஷன் மிக்கேல் கடலில் போனவன். இருந்த காலத்தில் அடித்தான், செத்த பிறகு கையை ஓங்கவில்லை, ஆனால் மூலையில் உட்கார்ந்து முறைத்தான். அவனை விரட்டவென்றே அக்கா ஒரு இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவி, பாலித்தீன் பையில் சுற்றி, துரு அண்டாமல் காப்பாற்றி வந்தாள். ஒரு தோசைக்கல்லுக்கு எவ்வளவு சக்தி இருக்கும்? அவன் இந்த மூலையை விட்டு அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்து முறைத்தான்.

தவசிக்கனி அண்ணாச்சியின் வீடு ஏ பிளாக்கில், கீழ்த்தளத்தில், ரோட்டைப் பார்த்த முதல் வீடு. உப்பு லாரிகளுக்கு எடைபோடுகிற எடைமேடையில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் இல்லை. மனைவி ராஜபுஷ்பம் மஞ்சள்காமாலையில் இறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. சாயங்காலம் அவள் வந்து வாசற்படிக்கு உள்பக்கம் காலை நீட்டி உட்காருவாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த லாரிக்காரன் ஈர உப்பை ஏற்றி ஏமாற்றப் பார்த்தான், எந்த முதலாளி எப்படி வழிந்தான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் தலையாட்டுவாள். உயிரோடிருந்தபோது இந்த மனுஷன் இவ்வளவு பேசியதில்லை என்று மாடிவீட்டுக்காரர்களான நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

அண்ணாச்சிக்கு உடம்பு அசதி வந்தது. முதலில் வெயில் என்றார், பிறகு வயசு என்றார். எடைமேடையின் நாலு படி ஏறுவதற்குள் உட்கார வேண்டியிருந்தது. பெரியாஸ்பத்திரியில் எலும்புக்குள் ஊசி விட்டு எடுத்துப் பார்த்து, ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். அவசரமாகக் கொல்லுகிற ஜாதி இல்லை, நாள்பட்டு நிதானமாகக் கூடவே இருக்கிற ஜாதி. அன்றைக்குச் சாயங்காலம் அவர் லாரிக் கதை எதுவும் சொல்லவில்லை. நோயின் பெயரை மட்டும் சொன்னார். ராஜபுஷ்பம் அவர் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தாள், பஸ் போகும்வரை எடுக்கவில்லை.

காலனி சும்மா இருக்குமா? ரத்தம் குறைந்துபோன மனுஷனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதா? திங்கட்கிழமை முருங்கைக்கீரை, செவ்வாய்க்கிழமை ஆட்டு ஈரலும் சுவரொட்டியும், புதன்கிழமை பேரீச்சம்பழம், அதற்குமேல் கருப்பட்டியும் எள்ளும் இடித்த உருண்டை என்று வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தோம். ஃபெலிசிட்டா அக்கா பாலித்தீன் பையைப் பிரித்துத் தோசைக்கல்லை வெளியே எடுத்து, ஈரலை அதிலேயே வதக்கிக் கொடுத்தாள். இரும்புச்சட்டியில் சமைத்தால் இரும்பு உடம்பில் சேரும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சாப்பிட்டார். மறுக்கிற தெம்புகூட அவருக்கு இல்லை.

கீரையால் ஏறாத ரத்தத்தை ஆஸ்பத்திரியில் பாட்டிலால் ஏற்றினார்கள். ஒரு பாட்டில் ஏற்றினால் பதிலுக்கு ஒருவர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் காலனியே போய் முறை வைத்துப் படுத்தது. பேச்சித்தாய் கொடுத்தாள், சங்கச் செயலாளர் ஆவுடையப்பன் கொடுத்தார், ஃபெலிசிட்டா அக்கா கொடுத்துவிட்டு மயங்கி விழுந்து எங்கள் மானத்தை வாங்கினாள். ரத்தம் ஏறியதும் அண்ணாச்சியின் முகத்தில் களை வரும். கொஞ்ச நாளில் அது வடியும், மறுபடியும் பஸ், மறுபடியும் பாட்டில். அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

அந்த வருடத்தில்தான் ராஜபுஷ்பம் தள்ளி உட்கார ஆரம்பித்தாள். முதலில் ஒரு சாண் தள்ளி. அண்ணாச்சி நகர்ந்து பக்கத்தில் போனால் அவளும் நகர்ந்தாள். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள், பிறகு பின்வாசலுக்கு வெளியே. ஒருநாள் ஏ பிளாக்கில் எந்த வீட்டுக்கும் யாரும் வரவில்லை. அடுத்து பி பிளாக். பேச்சித்தாய் சீப்பும் கையுமாகக் காத்திருந்து பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்தபோது, பழைய கேட் இருந்த இடத்தில் எங்கள் வீட்டுச் செத்தவர்கள் எல்லோரும் கூட்டமாக நின்றிருந்தார்கள். நிவேதா முன்வரிசையில் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் பார்த்து, சுடுமணலில் வைத்தவள் மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எவன்ல உள்ள இரும்பக் கொண்டாந்தது?" என்று ஆவுடையப்பன் கத்தினார். வீடு வீடாகத் தேடினோம். ஃபெலிசிட்டா அக்காவின் தோசைக்கல்லைக் கொண்டுபோய்க் கடலில்கூட வீசிப் பார்த்தோம், அவள் மண்ணை வாரித் தூற்றினாள். எதுவும் நடக்கவில்லை. முந்தின நாள்தான் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்திருந்த அண்ணாச்சி, சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வெளியே வந்தார். அவர் ஓர் அடி வைக்க, கேட்டருகே நின்ற கூட்டம் ஓர் அடி பின்னால் போனது. அவர் நின்றார், கூட்டம் நின்றது. அவர் நடந்தார், கூட்டம் வரப்பில் ஏறிப் பின்னோக்கியே போய் உப்புக்குவியல்களுக்கு நடுவே நின்றது. கூட்டத்தில் ராஜபுஷ்பமும் இருந்தாள். பின்னால் போகும்போது அவள் முகம் மன்னிப்புக் கேட்கிற முகமாக இருந்தது.

அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆவுடையப்பனும் ஃபெலிசிட்டா அக்காவும் கூடவே போனார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, ஓய்வில்லாத கண்கள். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உடம்புல இரும்பு கன்னாபின்னான்னு ஏறியிருக்கு. ஏத்துற ஒவ்வொரு பாட்டில்லயும் கால் கிராம் இரும்பு உள்ள போகுது. உள்ள போறதுக்கு வழி இருக்கே தவிர, வெளிய தள்ளுறதுக்கு மனுஷ உடம்புல வழியே கிடையாது. எல்லாம் ஈரல்லயும் இருதயத்துலயும் போய் உக்காந்துக்கும். வீட்ல என்ன சாப்பிடுறீங்க?"

ஆவுடையப்பன் பெருமையோடு திங்கள் முதல் ஞாயிறு வரை ஒப்பித்தார். டாக்டரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"ரத்தம் கம்மியா இருக்குன்னா இரும்பு கம்மியா இருக்குன்னு அர்த்தமா? இவருக்கு இரும்பு குறைச்சலே இல்ல. அதை எடுத்து ரத்தமாக்குற இடம்தான் கெட்டுப் போயிருக்கு. யாருங்க இவருக்கு முருங்கைக்கீரை கொடுக்கச் சொன்னது?"

"குடோன் நெறைய மூடை கெடக்கு, லாரி வரல. அப்படித்தானம்மா?" என்றார் அண்ணாச்சி.

"அப்படித்தான்" என்றாள் டாக்டரம்மா. இரும்பை இறக்குகிற மாத்திரை எழுதிக் கொடுத்தாள். வயிற்றைப் புரட்டும், மூட்டு வலிக்கும், சிறுநீர் செக்கச்செவேலென்று போகும், பயப்படக் கூடாது, அதுதான் இரும்பு போகிற வழி என்றாள். ரத்தத்தையும் நிறுத்தக் கூடாது, மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

"ஒரு பக்கம் ஏத்திக்கிட்டே ஒரு பக்கம் இறக்கணும், என்னா?" என்று அண்ணாச்சி கேட்டார். எத்தனை காலத்துக்கு என்று கேட்கவில்லை. அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

காலனி எதையும் பழகிக்கொள்ளும். செத்தவர்கள் உள்ளே வர முடியாவிட்டால் நாம் வெளியே போனால் ஆயிற்று என்று, சாயங்காலமானால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தோம். டீக்கடைக்காரர் அடுப்பை அங்கே மாற்றினார். கொசுவர்த்தி விற்பனை ஏறியது. பேச்சித்தாய் உப்புக்குவியலுக்குப் பக்கத்தில் மகளை உட்காரவைத்துச் சடை பின்னினாள், காற்றில் வகிடு நிற்கவில்லை, மகளைக் கோபித்துக்கொண்டாள், பிறகு கோபித்துக்கொண்டதற்காக அழுதாள். அண்ணாச்சிக்கு அடுத்த பாட்டில் ஏறியது, செத்தவர்கள் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்கள். அதற்கடுத்த பாட்டிலுக்கு அடுத்த பாத்தி. எங்களுக்குக் கால் வலித்தது, அலுத்துப்போனது. நாள் முழுக்க வெயிலில் உப்பு வாரிவிட்டு வருகிறவர்களுக்குச் செத்தவர்களைப் பார்க்க இன்னும் எவ்வளவு தூரம்தான் நடக்க முடியும்?

ஃபெலிசிட்டா அக்கா மட்டும் காலனியிலேயே இருந்தாள், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. மிக்கேல் வராத மூலையில் புதிதாகக் குரோட்டன்ஸ் தொட்டி வைத்தாள். புதுத் தோசைக்கல் வாங்கி, அண்ணாச்சிக்குத் திருட்டுத்தனமாக ஈரல் வதக்கிக் கொடுத்ததையும் நாங்கள் கையும் களவுமாகப் பிடித்தோம்.

"ஆமா, குடுத்தேன். இருவது வருசம் கழிச்சு இப்பத்தான் நான் தூங்குதேன். ஒங்களுக்கு ஒங்க ஆளு வேணும், எனக்கு எங்காளு வேண்டாம். அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று அவள் கேட்டாள். நாங்கள் தோசைக்கல்லைப் பிடுங்கிக்கொண்டோம்.

சங்கக் கூட்டம் போட்டோம். என்ன பேச வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், யார் வாயைத் திறப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆவுடையப்பன் குடிதண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றி வெகுநேரம் பேசினார். அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் போயிருதேன்" என்றார். "ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நம்ம பழைய எடைமேடை சும்மாத்தான கெடக்கு. ரூம்பு இருக்கு, தண்ணி இருக்கு. மொதலாளிட்ட கேட்டுட்டேன். நான் போனா அவுக வந்துருவாவ."

"அண்ணாச்சி, ஒங்களப் போன்னு நாங்க சொல்லலியே" என்றார் ஆவுடையப்பன்.

"சொல்லல, தண்ணியப் பத்திலா பேசுதிய" என்றார் அண்ணாச்சி. சிரிக்கத்தான் சொன்னார், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் ஒரு பாயையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பேச்சித்தாய் அழுதுகொண்டே அவருடைய ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அழுதாலும் வேகமாகத்தான் நடந்தாள்.

அன்றைக்கே வந்துவிட்டார்கள். வரப்பிலிருந்து இறங்கி, கேட் இருந்த இடத்தைத் தாண்டி, அவரவர் வீடு, அவரவர் பாய். பேச்சித்தாய் வீட்டில் வகிடு நேராக நின்றது. எல்லோருக்கும் பின்னால் வந்த ராஜபுஷ்பம் பூட்டாத தன் வீட்டுக்குள் போய், ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு, வாசற்படிக்கு உள்பக்கம் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் யாருமில்லை. இதை நாங்கள் யோசித்திருக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மையில் யோசிக்கவில்லை. கடைசி பஸ் போகும்வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைக் கேள்விப்பட்ட அண்ணாச்சி மறுநாள் சாயங்காலம் எடைமேடையிலிருந்து காலனியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நேர் ரோடு, கடைசியில் அவர் வீட்டு வாசல், வாசலில் அவள். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அவள் எழுந்துவிட்டாள். அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். அவள் உட்கார்ந்தாள். அவர் அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தார். எடை போட்டே பழகிய கை, எதையும் ஒரு கணக்கில் நிறுத்தினால்தான் அவருக்கு நிம்மதி. அங்கே நின்றுகொண்டு வாயருகே இரண்டு கையையும் குவித்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் கத்திச் சொன்னார். காலனி முழுக்கக் கேட்டது. மாத்திரை போட்டதும் வாந்தி வந்தது கேட்டது, சிவப்பாகச் சிறுநீர் போனதைப் பார்த்து மேய்ச்சல்காரன் ஓடிப்போனது கேட்டது. ராஜபுஷ்பம் தூரத்திலிருந்து தலையாட்டினாள். எங்கள் வீட்டு டி.வி. சத்தத்தைக் குறைத்து வைக்க நாங்கள் பழகிக்கொண்டோம்.

செங்கல் முன்னால் வந்தது. மாத்திரை இரும்பை இறக்க இறக்க, வாரம் தாண்டி வாரம், புளியமரம் வரைக்கும் வந்தது. அவ்வளவு பாடுபட்டு வந்த பிறகு ஒரு பாட்டில் ரத்தம் ஏறும், செங்கல் மறுபடியும் ரயில்வே கேட்டுக்குப் போகும். மறுபடியும் வாந்தி, மூட்டுவலி, செம்மண்தண்ணீர் மாதிரி சிறுநீர், மறுபடியும் புளியமரம், மறுபடியும் பாட்டில். அவர் அலுத்துப்போனார், கத்துகிற குரலில் அது தெரிந்தது. கேட்கிற நாங்களும் அலுத்துப்போனோம். செங்கல்லை இப்படியும் அப்படியும் தூக்கிப்போவதற்காகவே ஒரு மனுஷன் உயிரோடிருக்க வேண்டுமா என்று எங்களுக்கே தோன்றியது.

ஃபெலிசிட்டா அக்கா தன் இடியாப்பப் பாத்திரங்களோடு எடைமேடைக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டுக் குடியேறிவிட்டாள். மிக்கேல் வந்துவிட்டானே, வேறு எங்கே போவாள்? அண்ணாச்சியின் இரும்பு நிழலில் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது. நாங்கள் கேலி பேசினோம். அவள் காதில் வாங்கவில்லை. அவருக்குக் கஞ்சி வைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பஸ்ஸில் கூடப் போனாள். செங்கல் முன்னால் போகப் போக மிக்கேலும் அந்தக் கொட்டகைக்குக் கிட்டக் கிட்ட வருவான் என்று தெரிந்துதான் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒருமுறை ரத்தம் ஏற்றும் நாள் வந்தது, அண்ணாச்சி போகவில்லை. பஸ் வரவில்லை என்றார். அடுத்த வாரம் டாக்டரம்மா லீவு என்றார். செங்கல் புளியமரத்தைத் தாண்டியது, டீக்கடையைத் தாண்டியது. காலனியில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். "அண்ணாச்சி நல்லாத் தேறிட்டாவ" என்று ஆவுடையப்பன் சொன்னார். அண்ணாச்சியின் உதடு சுண்ணாம்பு நிறத்துக்கு வந்திருந்தது. பத்து அடி நடந்தால் உட்கார்ந்தார். கத்துகிற சத்தம் குறைந்திருந்தது, கிட்டத்தில் வந்துவிட்டதால்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

ஃபெலிசிட்டா அக்காதான் பிடித்தாள். நடுரோட்டில், நாங்கள் எல்லோரும் பார்க்க, அவர் கையிலிருந்த செங்கல்லைப் பிடுங்கினாள்.

"டாக்டரம்மா போன் போட்டா. லீவும் இல்ல ஒண்ணுமில்ல. நீங்க வேணும்னே போவல, என்னா? ரத்தம் ஏத்தலன்னா எத்தன நாளைக்கு இருப்பிய?"

"கொஞ்ச நாளைக்கு" என்றார் அண்ணாச்சி.

"பின்ன?"

அவர் ரோட்டோரமாக உட்கார்ந்தார். "பின்ன அவகூடப் போயிருவேன். ஆனா இரும்போட போவக்கூடாதுல்லா ஃபெலிசிட்டா. இந்த இரும்போட செத்தா, அங்கயும் நான் ஓரடி வச்சா அவ ஓரடி பொறத்த போவா. இங்கயாவது கடைசி பஸ்ஸோட முடியுது. அங்க எப்ப முடியும்? காலம்பூரா அவ மொகத்தப் பாத்துக்கிட்டே அவள வெரட்டிக்கிட்டுத் திரியணுமா நான்? அதான், ஏத்தாம இருந்து, இருக்கதையும் எறக்கிட்டு, வெறும் ஆளாப் போயிரலாம்னு பாத்தேன். எனக்கு அசந்துபோச்சு, தாயி."

அவள் செங்கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாங்கள் ஒவ்வொருவராகக் கலைந்தோம். அவர் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் விட்டுப்போன பாட்டில்களும் சேர்ந்து ஏறி, அவர் எடைமேடையில் இருந்தாலும் செத்தவர்கள் கேட்டைத் தாண்டிப் போவார்கள், வேண்டாம் என்று சொன்னால் அவர் போவார். பேச்சித்தாய் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை செங்கல் வாசற்படிக்கு வந்தது. ஃபெலிசிட்டா அக்கா ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, அண்ணாச்சி கேட் இருந்த இடத்தைத் தாண்டினார், ஏ பிளாக் நிழலுக்குள் வந்தார், ராஜபுஷ்பம் எழவில்லை. படியருகே வந்தார், அவள் எழவில்லை. பிள்ளை பெறப்போகிறவளைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மாடியில் நாங்கள் கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம், எங்கள் செத்தவர்களும் எங்கள் பக்கத்திலேயே சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் கத்திக் கேட்டுப் பழகிய எங்களுக்கு அன்றைக்கு அவர் பேசியதில் பாதி கேட்கவில்லை. கடைசியில் சொன்னது கேட்டது.

"இனி ரத்தம் ஏத்த மாட்டேன், புஷ்பம். முடிவு பண்ணிட்டேன்."

தலையாட்டுவாள் என்றுதான் நினைத்தோம். அவள் எப்போதும் தலையாட்டுகிறவள்தானே? அவள் தலையாட்டவில்லை. அவர் இடது கையைப் பார்த்தாள், முழங்கை மடிப்பில் ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன இடத்தைப் பார்த்தாள், தன் கையை நீட்டி அந்த இடத்தில் விரல்களை வைத்தாள். உடம்பில் இன்னும் இரும்பு இருந்தது, இல்லாமல் எப்படிப் போகும்? அவள் முகம் வலியில் சுருங்கியது. வைத்த விரல்கள் துருக்கம்பியில் காய்ந்த துணியைப் போல் சிவந்தன, சிவப்பு உள்ளங்கைக்கு ஏறியது. அவள் எடுக்கவில்லை. கீழே நின்ற ஃபெலிசிட்டா அக்காதான் "போதும் மைனி, விடுங்க, சுடுது ஒங்களுக்கு" என்று கத்தினாள். அவள் எடுக்கவில்லை. அண்ணாச்சி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்போடு இருக்கிறவனைத் தொட முடியும் என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பிறகு அவள் எழுந்தாள். எதுவும் துரத்தவில்லை, அவளாகத்தான் எழுந்தாள். படியிறங்கி, தெருவைத் தாண்டி, கேட் இருந்த இடத்தைத் தாண்டி, வரப்பில் ஏறி நின்று திரும்பினாள். அண்ணாச்சி தடுமாறிக்கொண்டு பின்னால் போனார்.

"எங்க போற? இங்கதான இருக்கேன், கிட்ட வந்துட்டம்லா" என்றார். அவள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள். அவர் போகப் போக அவள் போய்க்கொண்டே இருந்தாள். அவர் நின்றதும் நின்றாள். சிவந்துபோன கையைத் தூக்கி, காலனிக்கு அந்தப் பக்கம், டவுன் பஸ் நிற்கும் இடத்தைக் காட்டினாள். நெடுநேரம் காட்டிக்கொண்டே நின்றாள். அண்ணாச்சி அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

"ஒருநாளாவது சொன்னதக் கேட்டிருக்காளா இவ" என்று அழுகையோடு சொன்னார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரும் ஃபெலிசிட்டா அக்காவும் ஏறினார்கள். பேச்சித்தாய் தானும் ஏறினாள். இந்தமுறை பதிலுக்குக் கொடுக்கிற ரத்தம் தன்னுடையது என்றாள். விட்டுப்போன பாட்டில்களும் சேர்ந்து ஏறியிருந்ததால் அன்று சாயங்காலம் நிவேதா பி பிளாக்குக்கு வரவில்லை, பேச்சித்தாய் சீப்பையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தாள், பின்னாலேயே நாங்களும் கொசுவர்த்தியோடு நடந்தோம். தூரத்தில் அண்ணாச்சி செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய், பழைய இடத்துக்கும் பின்னால், தார் உருகும் ரோட்டில் வைத்தார். வாயருகே இரண்டு கையையும் குவித்தார்.

"ஏளா புஷ்பம்! ஏத்தியாச்சு!"

எங்களுக்கெல்லாம் அப்பால், கடைசிப் பாத்தியின் வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தவள், துருவேறிய கையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.